பந்து யாருடையது?

வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் ஒழுங்கைக்கு, நிலப்புறக் காற்று வீசும் சனிக்கிழமை மாலைகளில், ஹவ்லொக் பூங்கா மைதானத்து ஆரவாரம் எட்டுவதுண்டு. விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவ்வொலியைக் கேட்டபடியிருந்த நாம், ஒரு நாளேனும் எழுந்து சென்று அங்கே நடப்பது யாதென்று பார்த்ததில்லை. பேராதனையில் தமிழ் பயின்ற காலத்திலும் இவ்வாறே. கண்டி நகரமே நித்தவெல மைதானத்தை நோக்கி நடக்கும் நாள்களில், நாம் நூலகத்தின் ஒரு மூலையில் அமர்ந்து, மக்கள் இலக்கியம் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். றகர் என்று நம்மவர் வழங்கும் அந்த றக்பி ஆட்டம் துரைமாரின் விளையாட்டு, துரைமார் போனபின் அவர்தம் வாரிசுகளின் விளையாட்டு என்பதே எம் முடிந்த முடிபாக இருந்தது.

அந்த முடிபைக் குலைத்தவன் ஒரு மாணவன். நாம் கற்பிக்கும் பாடசாலை கொட்டாஞ்சேனைப் பக்கத்தது. மாணவரிற் பலர் துறைமுகத்தையும் புறக்கோட்டைக் கடைகளையும் நம்பி வாழும் குடும்பங்களைச் சேர்ந்தோர். இவனுடைய தகப்பனார் கொள்கலன் முற்றத்திலே கூலி வேலை செய்பவர். பத்தாம் வகுப்பு. தோள் அகன்ற பையன். தமிழிலே சுமாரான புள்ளி. ஒருநாள் இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

"சேர், றகர் ரீம்ல சேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. வீட்டில கேட்டா உங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

நாம் அவனுக்கு ஒரு சிறு பிரசங்கமே செய்தோம். ஏகாதிபத்தியம் தன் அதிகாரிகளைத் தயாரிப்பதற்காக வளர்த்த ஆட்டம் அது. அதற்குச் சப்பாத்து வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும், அடிபட்டால் மருத்துவச் செலவு வேண்டும். உன் வீட்டு நிலையில் சாதாரண தரப் பரீட்சையே உனக்கு மைதானம் என்றெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், இறுதியிலே ஒன்று கேட்டான்.

"அப்ப கிரிக்கெட் யாரோடது சேர்?"

மணி அடித்தது. அவன் போய்விட்டான். மணி அடித்தமைக்காக நன்றி பாராட்டிய ஆசிரியர் நிலை எத்தகையது என்பதை ஆசிரியராயுள்ள வாசகர்கள் அறிவர். யாழ்ப்பாணத்திலே சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டத்தை 'வடக்கின் பெரும்போர்' என்று பெருமையோடு பேசுகிறோம். அதனையும் கப்பலேற்றி அனுப்பியவன் அதே வெள்ளைக்காரன் அன்றோ? அந்த வாதத்தை வெல்லும் நோக்குடனேயே நாம் இவ்வாட்டத்தின் வரலாற்றைத் தேடப் புகுந்தோம். வென்றோமா என்பதை இறுதியிற் சொல்வோம்.

இங்கிலாந்தின் றக்பி என்னும் ஊரிலுள்ள பாடசாலையில், 1823இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் உதைபந்தாட்டத்தின் நடுவே பந்தைக் கையிலெடுத்து ஓடினான் என்பது கதை. அது கதையே, சான்றில்லை. அப்பாடசாலை மாணவர் 1845இல் ஆட்ட விதிகளை எழுத்தில் வைத்தனர் என்பது வரலாறு. அங்கே பயின்றோர் குடியேற்ற நாடுகளுக்கு நீதவான்களாயும் படையதிகாரிகளாயும் தோட்டத்துரைமாராயும் சென்றபோது, பெட்டியோடு பந்தும் சென்றது.

இலங்கையில் 1879இல் கொழும்பு உதைபந்தாட்டக் கழகம் தோன்றியது. நோயினாற் கோப்பிச் செடி அழிந்து தேயிலை பரவிய காலம் அது. மலைச்சரிவுகள் தேயிலையால் மூடப்பட, சமதரையாய் எஞ்சிய சிறு துண்டுகளிலே துரைமார் கழகங்கள் எழுந்தன. டிக்கோயாவில் டரவெல்ல மைதானமும் திம்புளைப் பகுதியில் றதெல்ல மைதானமும் இன்றும் உள்ளன. கண்டியிலே பறங்கியர் சமூகத்தவரான எல். ஈ. பிளேஸ் 1891இல் தாம் தொடங்கிய பாடசாலையில், பின்னாளில் கிங்ஸ்வூட் கல்லூரி என வழங்கிய அப்பாடசாலையில், இவ்வாட்டத்தைப் புகுத்தினார். கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் 1906இல் மோதியதே இந்நாட்டின் முதலாவது பாடசாலைப் போட்டி. இருபுறமும் ஆறு புள்ளிகள், வெற்றி தோல்வி இல்லை.

இவ்விடத்தில் எம் குடும்பக் கதையொன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. எம் பாட்டனார் மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பத்துப் பன்னிரண்டு வயதில், துரைமார் கழகமொன்றின் மைதானத்துக்கு உருளை இழுத்தவர். ஆட்ட நாளிலே தோட்டத்துப் பிள்ளைகள் வேலிக்கு அப்பால் நின்று, வெளியே வந்து விழும் பந்தை எடுத்துக் கொடுப்பராம். "வேலிக்கு வெளிய வந்தா மட்டுந்தான் பந்து நம்ம கையில" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வதை நாம் சிறுவராயிருந்தபோது வேடிக்கையாகக் கேட்டோம். றகரை நாம் வெறுத்ததற்கு, படித்த நூல்களை விட அந்தச் சிரிப்பே காரணமாயிருத்தல் கூடும்.

இனித் தேசிய அணியின் கதைக்கு வருவோம். 'முழு இலங்கை' என்னும் பெயருடன் ஓர் அணி முதன்முதலாக அந்நிய நாட்டு அணியொன்றைச் சந்தித்தது 1907 செப்டெம்பரில், கொழும்பில். எதிரணி நியூசிலாந்தினது. அவர்கள் 33, இலங்கை 6. 'முழு இலங்கை' என்ற பெயர் பெரிதாயினும், அதிலே ஆடியோர் பெரும்பாலும் மலைநாட்டுத் தோட்டத்துரைமாரும் கொழும்பு வர்த்தகத் துரைமாருமே. அவர்களுக்கு அடுத்த ஆண்டில், 1908இல், றக்பிச் சங்கமும் அமைந்தது.

ஆனால் அந்த நியூசிலாந்து அணி யார் என்று பார்த்தபோதுதான் எமது பிரசங்கம் முதன்முதலாக ஆட்டங்கண்டது. இங்கிலாந்தின் வடபுறத்திலே, யோக்சயர், லங்காசயர் மாவட்டங்களில், நெசவாலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் இவ்வாட்டத்தைத் தமதாக்கிக்கொண்டிருந்தனர். சனிக்கிழமை ஆடச் சென்றால் அந்நேரக் கூலி போய்விடும். இழந்த கூலியையாவது ஈடுசெய்க என்று அவர்தம் கழகங்கள் கேட்டன. விளையாட்டுக்குப் பணம் பெறுவது கனவான்களுக்கு அழகன்று என்று தலைமைச் சங்கம் மறுத்தது. கூலியை நம்பி வாழாதவனுக்கு இந்த அறம் எளிது. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்பீல்ட் நகரிலே வடபுறக் கழகங்கள் கூடி, தனிச் சங்கம் கண்டு வெளியேறின. அந்த வடபுறச் சங்கத்தோடு ஆடுவதற்காக, அல்பேர்ட் பாஸ்கர்வில் என்ற தபாற்கந்தோர் எழுதுவினைஞர் திரட்டிய அணியே 1907இல் கொழும்பிலே இறங்கியது. பணம் பெற்று ஆடத் துணிந்தமைக்காகத் தம் நாட்டுச் சங்கத்தாற் புறந்தள்ளப்பட்டோர் அவர்கள். இலங்கைத் தோட்டத்துரைமாரின் 'தேசிய' அணி முதன்முதல் மண்கௌவியது, கனவான் விதியை மீறி வந்த அணியொன்றிடம்!

இன்னொன்று. அந்நாளைய அணிகள் இலங்கையைத் தேடி வந்தன அல்ல. நீராவிக் கப்பல் கொழும்பிலே தரித்து நிலக்கரி ஏற்றும் இடைவேளையில் இறங்கி ஆடிவிட்டுப் போயின. 1930இலும் 1950இலும் பிரித்தானிய லயன்ஸ் அணியும் நியூசிலாந்து, அவுஸ்திரேலியாப் பயணங்களை முடித்து வீடு திரும்பும் வழியிலேயே கொழும்பில் ஆடியது. கரியேற்றத்துக்குக் கப்பல் தரிக்காவிடின் ஆட்டமேது? அக்கரியை முதுகிலே சுமந்த தொழிலாளர் வாழ்ந்தது துறைமுகத்தை ஒட்டிய இதே சுற்றுவட்டாரத்தில் அல்லவா? எம் மாணவனுடைய முன்னோர் அவர்களுள் இருந்தனரோ யாமறியோம். ஆயினும் அந்த ஆட்டங்களின் புள்ளிப்பட்டியலிலே இடம்பெறாத ஓர் அணி கரித்தூள் படிந்த முகத்தோடு கப்பலடியில் நின்றது என்பது உறுதி.

ஐரோப்பியர் கழகங்களின் வாசல் இலங்கையர்க்கு அடைத்திருந்தமையால், 1922இல் இலங்கையர் தமக்கெனச் சி. ஆர். அன்ட் எப். சி. கழகத்தை நிறுவினர். தேசாதிபதி ஹியூ கிளிபர்ட் பெயரால் 1926இல் கிண்ணம் வந்தது. றோயல், திரித்துவக் கல்லூரிகளுக்கிடையே 1945இல் பிராட்பி கேடயம் வந்தது. மெல்ல மெல்ல 'முழு இலங்கை' அணியிலே இந்நாட்டவர் முகங்கள் தோன்றின. ஆயின் எந்த நாட்டவர்? 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. மைதானத்தின் உட்புறத்தே ஒப்பந்தத்துக்கு வந்து போகும் ஸ்கொத்லாந்துத் துரை 'முழு இலங்கை'க்காக ஆடலாம். வேலிக்கு வெளியே அம்மண்ணிலே பிறந்து அம்மண்ணிலே உருளை இழுத்தவன் இலங்கையனே அல்லன். தேசிய அணி என்ற சொல்லின் பொருளை இதைவிட நன்கு விளக்கும் பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. எம் பாட்டனார் அப்போது உயிரோடில்லை.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. எஞ்சிய துரைமாரும் கப்பலேறினர். 1974இல் ஆசியச் சுற்றுப்போட்டி கொழும்பிலே நடந்தபோது இலங்கை அணி இறுதியாட்டம் வரை வந்து ஜப்பானிடம் தோற்றது. எழுவர் ஆடும் ஹொங்கொங் சுற்றுப்போட்டியில் 1984இல் மூன்றாம் நிலைக் கிண்ணமொன்றை வென்றது. 2013இல் ஆசியாவின் இரண்டாம் பிரிவை வென்று முதற்பிரிவுக்கு ஏறியது. மறு ஆண்டிலே ஜப்பானின் நகோயா நகரில் 132க்கு 10 என்று வீழ்ந்தது. 1987 முதல் நடந்துவரும் உலகக் கிண்ணப் போட்டிகளில் ஒன்றிலேனும் இலங்கை ஆடியதில்லை. 2023இல் அரசியல் தலையீட்டைக் காரணங் காட்டி உலகச் சங்கம் இலங்கைச் சங்கத்தை இடைநிறுத்தியது. பின்னர் அத்தடை நீங்கியது.

1974இல் இறுதியாட்டத்திலே முகத்துக்கு முகம் நின்ற இரு நாடுகளின் இடைவெளி, நாற்பது ஆண்டுகளில் 122 புள்ளிகளாய் விரிந்தது எவ்வாறு? ஜப்பானிலே பல்கலைக்கழகங்களும் பெருநிறுவனங்களும் வீரரைப் பேணின என்பர். உண்மையே. ஆனால் நம் பக்கத்துக் காரணத்தையும் சொல்ல வேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் உள்ள சில பாடசாலைகளின் பிள்ளைகளிலிருந்தே பெரும்பாலும் ஒரு தேசத்தின் அணி பொறுக்கப்பட்டது. பின்னாளில் பொலிஸ், தரைப்படை, கடற்படை, விமானப்படைக் கழகங்கள் கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் வேலையும் சேர்த்துக் கொடுத்தன. வரவேற்கத்தக்கதே. ஆனால் போர்க்காலத்தில் அந்த வாசலுக்குள் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் புகுந்திருக்க முடியும்? தேசத்தை வேலிபோட்டுச் சுருக்கியவர்கள், அணி சிறுத்துவிட்டதே என்று பின்னர் வருந்துவது விந்தை.

இத்தனையும் எமது பிரசங்கத்துக்குச் சான்றுகள் போலவே தோன்றலாம். நாமும் முதலில் அவ்வாறே மகிழ்ந்தோம். ஆனால் அதே வரலாறு எம்மைத் திருப்பிக் கேட்டது: நீ எந்தப் பக்கத்தில் நிற்கிறாய்? ஹடர்ஸ்பீல்டிலே தொழிலாளர் கழகங்கள், 'இது கனவான்களின் ஆட்டம், நமக்கு வேண்டாம்' என்று பந்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 'எமக்கும் உரியது, கூலியை ஈடுசெய்' என்றன. வேல்ஸ் என்ற சிறு நாடு, நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலே இவ்வாட்டத்தை மக்களின் ஆட்டமாக்கி, 1905இல் காடிவ் நகரில் நியூசிலாந்தின் பேரணியை 3க்கு 0 என்று வீழ்த்தியது. எம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலே, இன்று ஹவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்தில், ஒருகாலத்தில் வெள்ளவத்தை நெசவாலை இருந்தது. 1933இல் அங்கே வேலைநிறுத்தம் செய்தோர் இயந்திரம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று தறியை வெறுக்கவில்லை. கூலியைத்தான் கேட்டார்கள்.

நாமோ, துரைமார் வெளியே நிறுத்திய பிள்ளையை, துரைமாரைக் கண்டிக்கும் சொற்களாலேயே வெளியே நிறுத்தினோம். அவர்கள் வேலி நட்டார்கள். நாம் வேலிக்குக் காவல் நின்றோம். முற்போக்கு என்று நாம் கருதியிருந்தது, எம் பாட்டனாரின் வடுவை மாணவன் தோளில் ஏற்றிவைக்கும் செயலாயிற்று. இதனைச் சுயவிமர்சனமாக எழுதுகிறோம்.

அவனைக் கூப்பிட்டு, நாம் சொன்னது தவறு என்றோம். ஆசிரியர் தவறென்று ஒப்புக்கொள்வதைக் கண்டு அவன்தான் சங்கடப்பட்டான். வீட்டுக்கும் சென்றோம். தாயாரின் தயக்கம் பணத்தைப் பற்றியது மட்டுமன்று. "வேற சனத்துப் பிள்ளைகளோட இருட்டுற வரைக்கும் நிக்கணும். ஒண்டு நடந்தா யாருக்கிட்ட சேர் போறது?" என்று கேட்டார். 1983ஐ இந்நகரத்திலே கடந்த குடும்பம். அந்தக் கேள்விக்கு மறுமொழி வாதத்தால் ஆவதன்று. பயிற்சி முடியும்வரை நாம் நிற்போம் என்று மட்டும் சொன்னோம். புறக்கோட்டையிலே பழைய சப்பாத்தொன்று வாங்கினோம். ஆசிரியர் சிலர் பங்கிட்டுக்கொண்டனர்.

இப்போது வாரத்தில் இருநாள் விடைத்தாள் கட்டோடு மைதான ஓரத்தில் அமர்ந்திருக்கிறோம். அவன் இன்னும் முதல் பதினைவரில் இல்லை. இருப்பான் என்று எவரும் வாக்களிக்கவில்லை. ஆட்டத்திலே ஸ்க்ரம் என்றொரு நிலை உண்டு. எண்மர் தோளோடு தோள் பிணைந்து, தலைகுனிந்து, எதிரே உள்ள எண்மரைத் தள்ள வேண்டும். ஒருவன் பிடியை விட்டால் அனைவரும் சரிவர். எம் மாணவனுக்கு ஒரு புறம் சிங்களப் பையன், மறுபுறம் முஸ்லிம் பையன். பயிற்றுநர் மூன்று மொழியும் கலந்து ஏசுகிறார். இதனால் நாட்டின் இனப்பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நாம் பிதற்ற மாட்டோம். பாடசாலை வாசலைத் தாண்டியதும் மூவரும் மூன்று நாடுகளுக்குத்தான் நடக்கிறார்கள்.

ஆயினும் சென்ற வாரம் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி உருண்டு, எம் காலடியில் வந்து நின்றது. கையிலெடுத்தோம். எம் பாட்டனார் எத்தனையோ முறை அவ்வாறு எடுத்திருப்பார். உள்ளேயிருந்து அவன் கையை நீட்டி, "சேர், போடுங்க" என்றான். போட்டோம்.