கப்பல் உடைந்து பிறந்த பாதை

கனடாவின் மேற்குக் கோடியில் இருக்கிறது வான்கூவர் தீவு. அதன் பசிபிக் கரையை ஒட்டி 75 கிலோமீட்டருக்கு ஓர் ஒற்றையடிப் பாதை ஓடுகிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வெயில் நுழையாத மழைக்காடு. பெயர், 'வெஸ்ட் கோஸ்ட் டிரெயில்'.

வழியில் லாட்ஜ் கிடையாது. கூடாரம், அடுப்பு, அரிசி, மருந்து எல்லாவற்றையும் முதுகில் சுமந்துதான் நடக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் எட்டு நாட்கள் ஆகின்றன. மே முதல் செப்டம்பர் வரைதான் பாதை திறந்திருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து அனுமதிச் சீட்டு தருகிறார்கள்.

இன்று ஆசைப்பட்டு வரிசையில் நிற்கும் இந்தப் பாதை, உல்லாசத்துக்காகப் போடப்பட்டது அல்ல. அதன் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது.

கரை தெரிந்தும் கரையேற முடியவில்லை

1906 ஜனவரி. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய 'வேலன்சியா' என்ற பயணிகள் கப்பல், மோசமான வானிலையில் திரும்ப வேண்டிய கடல்வழியைத் தவறவிட்டது. 22-ம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், இந்தத் தீவின் பாறைகளில் மோதியது.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனால் அந்தக் கரை செங்குத்தான பாறை. இறக்கிய உயிர்காக்கும் படகுகள் அலையில் கவிழ்ந்தன. உதவிக்கு வந்த கப்பல்களால் கிட்டே நெருங்க முடியவில்லை. கப்பலிலிருந்து பாறை உச்சிக்குக் கயிறு ஒன்றைச் சுட்டு அனுப்பினார்கள். அதைப் பிடித்துக் கட்ட மேலே ஓர் ஆள் இல்லை.

ஒன்றரை நாளுக்குப் பிறகு கப்பல் சிதறியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 37 பேர். அவர்களில் ஒரு பெண்கூட இல்லை, ஒரு குழந்தைகூட இல்லை.

அந்தக் காட்டில் அப்போது இருந்தது மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய ஒரு தந்திக் கம்பி மட்டும்தான். எப்படியோ கரையேறிய சிலர் அந்தக் கம்பியைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் வெளி உலகுக்குச் செய்தி சொன்னார்கள்.

நாடே கொதித்தது. அரசாங்கம் அந்தத் தந்திக் கம்பியை ஒட்டிப் பாதை வெட்டியது. வழிநெடுகக் குடிசைகள் போட்டு, தொலைபேசியும் உணவும் வைத்தது. கப்பல் உடைந்து கரையேறுபவன் பிழைத்து நடந்து வர ஒரு வழி. பச்சீனா முனையில் 1908-ல் எழுந்த கலங்கரை விளக்கமும் அந்தத் துயரத்தின் விளைவுதான். வடக்கு முனையிலிருந்து நடப்பவர்கள் பத்தாவது கிலோமீட்டரில் அதைக் கடக்கிறார்கள்.

கடல் சொல்கிற நேரம்

நடப்பவர்கள் கையில் வரைபடத்தோடு இன்னொரு தாளும் இருக்கும். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் ஓத அட்டவணை. கடல் வற்றினால் கெட்டியான மணலில் சுகமாக நடக்கலாம். ஏறிவிட்டால் காட்டுக்குள் போக வேண்டும். அங்கே முழங்கால் சேறு, வழுக்கும் வேர்கள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்திய மர ஏணிகள். சில ஆறுகளைக் கம்பியில் தொங்கும் தொட்டியில் உட்கார்ந்து, கையால் கயிற்றை இழுத்துத்தான் கடக்க வேண்டும்.

67-வது கிலோமீட்டரில் ஓவன் முனை. கடல் குடைந்த குகைகள் உள்ள அழகான இடம். ஆனால் நீர்மட்டம் 1.8 மீட்டருக்குக் கீழே இருக்கும்போதுதான் அதைக் கடக்க முடியும். அச்சிட்ட அட்டவணையில் கோடைக்காலக் கடிகார மாற்றம் சேர்ந்திருக்காது; ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு மணியை மறந்தவர், தண்ணீர் ஏறும் நேரத்தில் பாறைக்கும் அலைக்கும் நடுவே மாட்டிக்கொள்வார்.

இரவுத் தங்கலிலும் கடல்தான் எஜமான். காய்ந்த பாசியும் ஒதுங்கிய மரக்கட்டைகளும், தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டும். கூடாரம் அந்தக் கோட்டுக்கு மேலே, நெருப்பு கீழே. சாம்பலை அடுத்த ஓதம் கழுவிக்கொண்டு போய்விடும். சாப்பாட்டை மட்டுமல்ல, பற்பசையைக்கூடக் கூடாரத்தில் வைக்கக் கூடாது. கரடி மோப்பம் பிடித்து வரும். அதற்கென்றே இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். நிலநடுக்கம் உணர்ந்தால் மூட்டை முடிச்சைத் தேடாமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

சிரமத்துக்குக் கூலியும் உண்டு. 25-வது கிலோமீட்டரில் சூசியட் அருவி நேராகக் கடற்கரை மணலிலேயே விழுகிறது. 32-வது கிலோமீட்டரில், பாலமில்லாத நிட்டினாட் நீரிடுக்கு. அங்கே படகில் அக்கரை சேர்ப்பவர்கள் டிட்டிடாட் பழங்குடியினர். படகுத்துறையிலேயே சுடச்சுட வெந்த நண்டு கிடைக்கும். மூன்று நான்கு நாள் பொட்டலக் கஞ்சி குடித்தவர்களுக்கு அது விருந்து.

இந்தக் கரை முழுக்க ஹூ-ஏ-ஆட், டிட்டிடாட், பச்சீடாட் மக்களின் பூர்வீக மண். தந்திக் கம்பி வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்களின் தடங்கள் இங்கே இருந்தன.

வேலன்சியா மூழ்கி 27 வருடம் கழித்து, 1933-ல், அதன் உயிர்காக்கும் படகுகளில் ஒன்று அருகிலுள்ள பார்க்லி விரிகுடாவில் மிதந்து வந்தது. அவ்வளவாகச் சேதமில்லை. ஆள்தான் இல்லை.

தெற்கே கடைசி ஐந்து கிலோமீட்டருக்கே அரை நாள் போய்விடும். பாதை கார்டன் ஆற்றங்கரையில் முடிகிறது. அக்கரை போகப் படகு வேண்டும். அங்கே கயிற்றில் ஒரு மிதவை கட்டியிருக்கிறது. அதை மேலே இழுத்து ஏற்றினால், 'இங்கே ஆள் காத்திருக்கிறது' என்று அர்த்தம். சேறு அப்பிய காலோடு கயிற்றை இழுத்துவிட்டு உட்காருகிறார்கள்.

சற்று நேரத்தில் படகு வந்துவிடுகிறது.