வாசலுக்கு வந்த பெயர்கள்

சி மொழியில் முதன்முதலாக ஷேர்டு லைப்ரரி எழுதும் மாணவர் பத்து ஃபங்ஷன்களைத்தான் வெளியாட்களுக்குத் தர நினைக்கிறார். ஹெடர் ஃபைலிலும் அந்தப் பத்துதான் இருக்கின்றன. ஆனால் லினக்ஸில் கட்டி முடித்த ஃபைலை 'என்எம்' கட்டளை கொடுத்துப் பார்த்தால் இருநூறு பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். யாரும் கூப்பிடாமலே அடுப்படியில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி :-)

ஹெடரில் போடாவிட்டால் வெளியே தெரியாது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் ஹெடர் என்பது கம்பைலருக்குச் சொல்லும் சேதி. லிங்கருக்கு அப்படி ஒரு ஃபைல் இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பெயர்கள் மட்டுமே.

கோளாறின் வேர் சி மொழியிலேயே இருக்கிறது. ஒரு ஃபங்ஷனை மறைக்க அந்த மொழி கொடுத்திருக்கும் ஒரே வழி 'ஸ்டேடிக்'. அது ஒரு ஃபைலுக்குள் பூட்டி வைக்கும். ஸ்டேடிக் போடாவிட்டால் அந்தப் பெயர் எல்லாருக்கும் பொது. 'இந்த லைப்ரரியின் இருபது ஃபைல்களுக்கும் தெரியட்டும், அதற்கு வெளியே வேண்டாம்' என்று சொல்ல சி மொழியில் வார்த்தை கிடையாது. ஷேர்டு லைப்ரரி என்ற பேச்சே அதன் தரநிர்ணயத்தில் இல்லை. அந்த இடைவெளியை ஒவ்வொரு இயங்குதளமும் தன் இஷ்டப்படி நிரப்பிக்கொண்டது.

லினக்ஸ் வழி: மறைக்கச் சொல்லாத எல்லாமே வெளியே தெரியும். விண்டோஸ் வழி நேர் எதிர். காட்டச் சொன்னால்தான் டிஎல்எல்-லில் இருந்து ஒரு பெயர் வெளியே வரும். மேக் இரண்டுக்கும் நடுவில். லினக்ஸைப் போல எல்லாவற்றையும் காட்டும், ஆனால் எந்தப் பெயர் எந்த லைப்ரரியிலிருந்து வரவேண்டும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளும். 2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 10.1-இல் இருந்து அந்த ஏற்பாடு.

அப்படிக் குறித்துக்கொள்வதால் என்ன லாபம்? ஒரு ஊரில் நாலு முருகன்கள் இருக்கிறார்கள். கடிதத்தில் வெறும் 'முருகன்' என்று இருந்தால், தபால்காரர் எதிர்ப்படும் முதல் முருகனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். லினக்ஸின் லோடர் செய்வது இதைத்தான். ஏற்றப்பட்ட லைப்ரரிகளை வரிசையாகத் தேடி, முதலில் கிடைத்த பெயரை எடுத்துக்கொள்ளும். விண்டோஸிலும் மேக்கிலும் கடிதத்தில் தெருப்பெயரும் இருக்கிறது.

இதனால் நடக்கும் விபத்து விநோதமானது. இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஆளுக்கொரு லைப்ரரி எழுதுகிறார்கள். இரண்டிலும் 'பஃபர் இனிட்' என்று ஒரு உள் ஃபங்ஷன். மூன்றாவது ஆள் இரண்டையும் ஒரே புரோகிராமில் சேர்க்கிறார். இப்போது இரண்டாவது லைப்ரரி தன்னுடைய ஃபங்ஷன் என்று நம்பி அழைப்பது முதல் லைப்ரரியின் ஃபங்ஷனை! எந்த எச்சரிக்கையும் வராது. புரோகிராம் வேறெங்கோ போய் விழும். பிழை தேடுபவர் இரண்டு லைப்ரரிகளின் மூலநிரலையும் படித்தாலும் தவறு கிடைக்காது, ஏனென்றால் தனித்தனியாக இரண்டும் சரி.

லினக்ஸ் இப்படி இருப்பது முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. பழைய ஸ்டேடிக் லைப்ரரிகள் நடந்துகொண்டபடியே ஷேர்டு லைப்ரரிகளும் நடக்கவேண்டும் என்பது யூனிக்ஸ்காரர்களின் எண்ணம். இதே வசதியால்தான் ஒரு புரோகிராமைத் திரும்பக் கட்டாமலே அதன் 'மலாக்'கை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடிகிறது.

ஆனால் அதற்கு விலை உண்டு. எந்த ஃபங்ஷனையும் ஓடும்போது யாரோ மாற்றிவைக்கலாம் என்றால், லைப்ரரி தன்னுடைய சொந்த ஃபங்ஷனை அழைப்பதைக்கூட கம்பைலர் நேரடி அழைப்பாக மாற்ற முடியாது. பைத்தான் இதைக் கண்கூடாகக் காட்டியது. 2021-இல் வந்த 3.10 பதிப்பில், ஷேர்டு லைப்ரரியாகக் கட்டும்போது 'இப்படி மாற்றிவைக்கும் பழக்கம் வேண்டாம்' என்று ஜிசிசி-யிடம் சொல்லும் ஆப்ஷனைச் சேர்த்தார்கள். 30 சதவீதம் வரை வேகம் கூடியதாக அந்தப் பதிப்பின் குறிப்பே சொல்கிறது.

பெயர்களை மறைக்க சுலபமான வழி 2005-இல் ஜிசிசி 4.0-உடன் வந்தது. எல்லாவற்றையும் மறை என்று ஒரே ஆப்ஷனில் சொல்லிவிட்டு, வேண்டிய பத்துக்கு மட்டும் 'டிஃபால்ட்' என்று குறிபோடலாம். அதாவது லினக்ஸிலும் விண்டோஸ் வழக்கம்! அப்புறம் மூன்று தளத்துக்கும் ஒரே மேக்ரோ போதும். விண்டோஸில் லைப்ரரியைக் கட்டும்போது அது 'டிஎல்எல்எக்ஸ்போர்ட்' ஆகும். பயன்படுத்துபவர் அதே ஹெடரைச் சேர்க்கும்போது 'டிஎல்எல்இம்போர்ட்' ஆகும். லினக்ஸிலும் மேக்கிலும் 'விசிபிலிட்டி டிஃபால்ட்' ஆகும். ஸ்டேடிக் லைப்ரரியாகக் கட்டும்போது மேக்ரோ வெறுமையாக இருக்கவேண்டும். பலர் மறப்பது இந்தக் கடைசி நிலையைத்தான்.

எதிர்த்திசையில் போகும் குறுக்குவழியும் உண்டு. 2015-இல் வந்த சிமேக் 3.4, டிஎல்எல்-லில் எல்லாப் பெயர்களையும் தானே வெளியே காட்டும் வசதியைக் கொடுத்தது. பழைய லினக்ஸ் நிரலை விண்டோஸுக்குக் கொண்டுபோக அது உதவும். ஆனால் ஃபங்ஷன்களுக்குத்தான் சரி. குளோபல் மாறிகளைப் பயன்படுத்துபவர் 'டிஎல்எல்இம்போர்ட்' என்று சொல்லியே ஆகவேண்டும். அதோடு, அடுப்படிக் கூட்டம் விண்டோஸிலும் வாசலுக்கு வந்துவிடும்.

நல்ல முன்மாதிரிகள் இரண்டு. லுவா மொழியின் நிரலில் வெளி ஃபங்ஷனுக்கு ஒரு மேக்ரோ, உள் ஃபங்ஷனுக்கு வேறொரு மேக்ரோ. உள்ளே இருப்பவை லினக்ஸில் 'ஹிட்டன்' ஆகிவிடும். எஸ்க்யூலைட்டின் வழி வேறு. எல்லா ஃபைல்களையும் ஒன்றாக ஒட்டி, இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல் உள்ள ஒரே சி ஃபைலாகக் கொடுக்கிறார்கள். ஒரே ஃபைல் ஆனதால் உள் ஃபங்ஷன்களுக்கெல்லாம் ஸ்டேடிக் போட்டுவிட முடிகிறது. மொழியில் இருக்கும் ஒரே பூட்டைக்கொண்டு வீடு முழுவதையும் பூட்டிவிட்டார்கள்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு லைப்ரரிகளுமே உள் பெயர்களுக்கும் தங்கள் முன்னொட்டைப் போடுகின்றன. காரணம் இருக்கிறது. 'ஹிட்டன்' என்பது ஷேர்டு லைப்ரரியின் எல்லையில்தான் வேலை செய்யும். ஸ்டேடிக் லைப்ரரியாக இணைக்கும்போது மறைத்த பெயர்களும் மோதிக்கொள்ளும்.

மோதலும் வேகமும் ஒருபுறம் இருக்கட்டும். பெரிய இழப்பு வேறு. வெளியே தெரியும் பெயரை யாரோ ஒருவர் கண்டுபிடித்து, தானே அறிவிப்பு எழுதி, பயன்படுத்திவிடுவார். இரண்டு வருடம் கழித்து ஆசிரியர் அந்த உள் ஃபங்ஷனுக்கு இன்னொரு அளவுரு சேர்க்கிறார். சி மொழியின் சிம்பலில் பெயர் மட்டுமே உண்டு, அளவுருக்களின் விவரம் கிடையாது. லிங்கர் எதிர்ப்பு சொல்லாது. தப்பான மதிப்போடு ஃபங்ஷன் ஓடும், முகம் தெரியாத யாரோ ஒருவரின் கணினியில் தரவு கெடும். ஹெடரிலேயே இல்லையே என்று ஆசிரியர் வாதாடலாம். ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனவருக்கு அந்த வாதத்தால் பயனில்லை. அவருக்காக ஆசிரியர் பழைய ஃபங்ஷனைத் திரும்ப வைத்தால், தன் வீட்டுக்குள் சுவரை இடிக்கும் உரிமையை இழந்தவர் ஆகிறார்.

அதனால் மறைப்பது கஞ்சத்தனம் அல்ல. மறைத்த ஃபங்ஷனை நாளைக்கு மாற்றலாம், நீக்கலாம், வேறு மாதிரி எழுதலாம். காட்டிய பெயர் கொடுத்த வாக்கு மாதிரி, திரும்பப் பெறுவது கஷ்டம். முதல் வெளியீட்டுக்கு முன்னால் ஒரு தடவை 'என்எம்' போட்டுப் பெயர்களை எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருவர்கூடப் பயன்படுத்தத் தொடங்காத அந்த நாளில்தான் மறைப்பது இலவசம்.