மொறிஸ் மைனரும் இரட்டைச் சங்கிலியும்

அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 காருடன் அண்மையில் பூநகரிக்குச் சென்றேன். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின் யாழ்ப்பாணத்திலிருந்து அவ்வழி எளிதாகிவிட்டது.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவதில்லை. சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அன்று அக்காரைக் காத்த மெக்கானிக், 1995 இடப்பெயர்வோடு வன்னிக்குப் போனவர். இப்போது பூநகரியில் இருக்கிறார்.

எஞ்சினின் முன்புறத்தில் கலகலவென்று ஓசை. ரைமிங் செயின் தளர்ந்துவிட்டது. அது ஒற்றை வரிச் சங்கிலி. 1964, 1965, 1967 மொன்ரி கார்லோ பந்தயங்களை வென்ற மினி கூப்பர் எஸ் எஞ்சினும் இதே ஏ-சீரிஸ் குடும்பந்தான். அதற்கு இரட்டை வரிச் சங்கிலி. இலண்டனிலுள்ள மருமகன் மூலம் அதனை வரவழைத்திருந்தேன்.

பெரியவர் சிரித்தார்.

"தம்பி, பல்சக்கரம் இரண்டும் எங்கை? சங்கிலி மட்டும் வந்து என்ன செய்யிறது?"

ஒரு மாதத்தின் பின் முழுத் தொகுதியுடன் மீண்டும் சென்றேன். இரட்டைச் சக்கரம் அகலமானது. பின்னாலுள்ள தகட்டின் இரண்டு ஆணித் தலைகளில் உரசும். அவ்விடங்களைக் குடைந்து, தலை அமிழும் திருகாணிகளைப் பூட்டினார். ஓசை நின்றது.

பழைய சங்கிலியை எறியப் போனேன். தடுத்தார்.

"மண்ணெண்ணெய்க் காலம் முழுக்க இழுத்தது, தம்பி. கிடக்கட்டும்."

கூலியும் வாங்கவில்லை. பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களே, சங்கிலி வாங்குமுன் சக்கரங்களையும் கேளுங்கள். அவரைப் போன்ற ஒருவரையும் தேடி வையுங்கள்.