கந்தைத் துண்டும் கவந்தியும்

தைக்கின்ற வீட்டில் ஒரு துண்டுப் பை கட்டாயம் இருக்கும். சட்டை வெட்டி மிஞ்சியது, சேலையின் ஓரக் கீலம், பிள்ளையின் சீருடைத் துணியில் கழிந்தது என்று எல்லாம் அதற்குள் போகும். எறிய மனம் வராது. எடுத்துப் பயன்படுத்த நேரமும் வராது. கிளிநொச்சியில் என்னிடம் அப்படி இரண்டு உரப்பை நிறைய இருந்தன. கால்மிதிக்குத்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன். 2019 ஜனவரியில் போய்வந்த ஒரு பயணம் அந்த நினைப்பை மாற்றியது.

என் மச்சாள் ஒருத்தி புலமைப்பரிசில் கிடைத்து, இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில் தார்வாட் என்ற நகரில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், "மச்சாள், நீங்கள் தையல்காரி. உங்களுக்கு ஒன்று காட்டவேணும்" என்று ஹளியாலுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வயல்வெளிகள் போகப் போகக் குறைந்து, தேக்கும் மூங்கிலும் வரத் தொடங்கின. வன்னிக் காடு போல இருந்தாலும் குளிர் மட்டும் எங்களுக்குப் பழக்கமில்லாத குளிர்.

நாங்கள் போனது சித்தி மக்களின் கிராமம் ஒன்றுக்கு. சித்தி என்றதும் எனக்கு அம்மாவின் தங்கைமார்தான் நினைவுக்கு வந்தார்கள். இவர்கள் ஆபிரிக்க வம்சாவளியினர். போர்த்துக்கேயர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் பலர் தப்பி ஓடி, இந்தக் காடுகளில் ஒளிந்து, பிறகு இங்கேயே குடியேறினார்களாம். இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர் என்று மூன்று சமயத்தவரும் இவர்களுக்குள் இருக்கிறார்கள். பலருக்குச் சொந்தக் காணி குறைவு. கமுகந் தோட்டங்களிலும் வயல்களிலும் கூலிவேலை செய்கிறார்கள். 2003 இல்தான் கர்நாடகத்தில் இவர்களுக்குப் பழங்குடியினர் என்ற அரச அங்கீகாரம் கிடைத்தது. எமது புத்தளம் சிறாம்பியடியிலும் போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழிவந்த மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடம் மன்ஜா பாட்டு மிஞ்சியது. இவர்களிடம் பாட்டோடும் ஆட்டத்தோடும் இந்தத் தையலும் இருக்கிறது.

ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பெண்கள் நிலத்தில் இருந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் கவந்தி. விரிக்கவும் போர்க்கவும் குழந்தையைக் கிடத்தவும் பயன்படும் கனத்த விரிப்பு. இயந்திரம் இல்லை, சட்டம் இல்லை. ஊசி, நூல், கத்தரிக்கோல், பழைய துணி, அவ்வளவுதான். அடியில் ஒரு பழைய பருத்திச் சேலை. அதன் ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து, நூலோட்டத் தையல் போடுகிறார்கள். அந்தத் தையல் மேல் துண்டையும் அடிச் சேலையையும் ஒன்றாகப் பிடிக்கிறது. பிறகு அடுத்த துண்டு. நான்கு கரையையும் சுற்றி வந்து, மீண்டும் உள்ளே ஒரு சுற்று. இப்படிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள்.

நான் படித்த தையலில் முதலில் அளவு, பிறகு கோடு, பிறகு வெட்டு. இங்கே ஒரு கோடுகூட இல்லை. அடுத்து எந்தத் துண்டு என்பதை அந்த நேரத்தில் கை தீர்மானிக்கிறது. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, அதற்கு மேல் ஒரு பூச்சீத்தைத் துண்டு. ஆரம்பத்தில் எனக்கு அது தாறுமாறாகத்தான் தெரிந்தது. திண்ணையை விட்டு இறங்கி முற்றத்தில் நின்று பார்த்தபோதுதான் அதன் அழகு தெரிந்தது. வாங்க வருகிற சிலர் நிறம் பொருந்தவில்லை என்று விலை குறைக்கிறார்களாம். பொருந்திய நிறத்தில் வேண்டுமென்றால் கடையில் வாங்கட்டும்!

நான்கு மூலைகளிலும் சிறு துணிகளை முக்கோணமாக மடித்து அடுக்கித் தைக்கிறார்கள். அதற்கு 'பூலா' என்று பெயர்; பூ என்று அர்த்தம். பூலா இல்லாத கவந்தி உடுப்பில்லாத ஆள் மாதிரி என்று ஒரு பெண் சொல்லிச் சிரித்தார். சில கத்தோலிக்க வீடுகளில் சிலுவை வடிவத்தையும், சில முஸ்லிம் வீடுகளில் பிறை வடிவத்தையும் துண்டுகளில் சேர்க்கிறார்கள். எல்லாவற்றிலும் என் மனதைத் தொட்டது அரிசி. முதிய பெண்கள் சிலர் நடுப்பகுதியை மூடுமுன் உள்ளே சில அரிசிமணிகளை இடுவார்களாம். கவந்தியின் வயிறு வெறுமையாக இருக்கக்கூடாதாம்.

அந்த வீட்டு மூதாட்டி தன் விரிப்பில் இருந்த ஒரு கட்டம்போட்ட துண்டைக் காட்டி, அது இறந்துபோன கணவனின் சட்டை என்று சொன்னார். அழவில்லை. "பெட்டிக்குள் வைத்தால் பூச்சி தின்னும். இதில் வைத்தால் நான் படுப்பேன்" என்றார். மச்சாள் மொழிபெயர்த்துச் சொன்னாள். பிறகு அவர் என்னைப் பார்த்து, உங்கள் ஊரில் பழைய சேலையை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏணை கட்டுவோம், பிள்ளைக்குத் துண்டு கிழிப்போம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது மண்மூட்டை. 2009 இன் முதல் மாதங்களில் சாக்கு இல்லாமல் சேலைகளைத்தான் பைகளாகத் தைத்து, மண் நிரப்பி, பங்கரைச் சுற்றி அடுக்கினோம். கூறைச்சேலையையும் விடவில்லை. அம்மா பிடிக்க, நான் கையால் மூட்டினேன். இதை மச்சாள் கன்னடத்தில் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஊசியில் நூலைக் கோத்து என் கையில் தந்தார். அன்று பின்னேரம் வரை அந்தத் திண்ணையில் தைத்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் ஒழுங்கையில் மூன்று பெண்களுக்கு இதைக் காட்டினேன். மீள்குடியேறிய காலத்தில் எங்களுக்கு ஒரு நிறுவனம் தையல் இயந்திரம் தந்தது. பழுதானபோது திருத்த ஆளும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. கவந்திக்கு அந்தக் கவலை கிடையாது. தைக்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில விஷயம் சொல்கிறேன். துண்டுகளை முதலில் தோய்த்துக் காயவையுங்கள், சாயம் போகும் துணி அப்போதே தெரிந்துவிடும். பருத்தியோடு வழுக்கும் நைலக்ஸைச் சேர்க்கவேண்டாம். தையல் வரிகளுக்கிடையில் ஒரு விரல் அகலம் போதும், கூடினால் துணி பொம்மும். எங்கள் வெயிலுக்கு அடியில் ஒரு சேலையும் மேலே துண்டுகளும் காணும். விற்பதென்றால் செலவழித்த நாட்களையும் கணக்கில் எடுத்து விலை சொல்லுங்கள். துண்டு சும்மா கிடைத்ததுதானே என்று வாங்குபவர் சொல்வார். கை சும்மா கிடைத்ததா?

என்னுடைய முதல் கவந்திக்கு உரப்பைத் துண்டுகள் போதவில்லை. அம்மாவிடம் அவருடைய பெட்டியைக் கேட்டேன். முகாமிலிருந்து வரும்போது நாங்கள் கொண்டுவந்த ஒரே பெட்டி அது. 2009 மே மாதத்தின் பின் காணாமல் போன அண்ணாவின் உடுப்புகள் அதற்குள் இருந்தன. மூதாட்டி சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் அன்று பதில் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து, ஒரு விடியற்காலை, பெட்டியைத் தானே திறந்து எல்லாவற்றையும் பாயில் பரப்பினார். இரண்டு சாரம், ஒரு காற்சட்டை, பழைய துவாய், நீலக் கோட்டுச் சட்டை. சட்டையை மட்டும் எடுத்து மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"அந்தாளின்ரை கதை வேறை. அவருக்குச் செத்தவீடு நடந்தது. இவன் வந்தால் போட ஒண்டு வேணும்" என்றார். "மற்றதுகளை எடுத்துத் தை பிள்ளை."