உம்மாவின் வாய்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் வாசித்துவிட்டுப் போங்கள்.

போன வருஷம் நோன்புக்கு முன், அவசர ஒப்பரேஷன் ஒன்றுக்குப் பிறகு உம்மா 11 நாள் ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரில் இருந்தா. பார்க்கப் போகும்போதெல்லாம் நாங்கள் கேட்டது இரண்டே கேள்விதான். பிரஷர் எப்படி, ஒட்சிசன் எத்தனை.

நாலாம் நாள் காதோரம் குனிந்து ஓதினேன். வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. என்னை அறியாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெற்ற உம்மா. அதை இன்னும் மறக்க ஏலாது.

ஆறாம் நாள் நெஞ்சில் புதிதாகக் கிருமி என்றார்கள். நியூமோனியா. எங்கிருந்து வந்தது என்று டொக்டரிடம் கேட்டேன். வாயிலிருந்து இறங்கியிருக்கலாம், ஆனால் நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்றார். பிறகு விளங்கப்படுத்தினார். டியூப் இருப்பதால் வாய் மூடாது. வாய் காய்ந்து போகும், உமிழ்நீர் பல்லைக் கழுவாது. இரண்டு மூன்று நாளிலேயே பல்லில் படியும் அழுக்கில் ஆஸ்பத்திரிக் கிருமிகள் குடியேறிவிடும். டியூபின் அடியில் ஒரு சின்ன பலூன் இருக்கிறது. அதற்கு மேலே தேங்கும் எச்சில் ஓரங்களால் கசிந்து நுரையீரலுக்குப் போகும். கட்டிலின் தலைமாட்டை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைப்பதும் இதனால்தானாம்.

அன்று பின்னேரம் மிஸ்ஸி சொன்னா: "டீச்சர், சின்னப் பிள்ளைகள் பாவிக்கிற மெல்லிய பிரஷ் ஒண்டு வாங்கிட்டு வாங்க."

எனக்கு வெட்கமாகப் போனது. தரம் 2 பிள்ளைகளுக்குப் பல் துலக்கக் காட்டிக்கொடுப்பதற்கு ஆசிரியர் கலாசாலையில் அட்டைப்படம் கீறிப் படித்தவள் நான். றசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் வபாத்தாகும் நேரத்திலும் மிஸ்வாக் செய்ததைக் கேட்டு வளர்ந்தவள்.

முன்பெல்லாம் குளோர்ஹெக்சிடின் மருந்துநீரைத்தான் வாயில் பூசுவார்களாம். 2022இல் வந்த அமெரிக்க வழிகாட்டல் அதைத் தவிர்த்து, பிரஷ் பண்ணச் சொல்கிறது. 15 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2023 கடைசியில் வந்தது. பிரஷ் பண்ணப்பட்ட நோயாளிகளுக்கு நியூமோனியா குறைவு, நாளைக்கு இரண்டு தரம் போதும் என்கிறது அது. ஆனால் நீங்களாகவே பிரஷை வாய்க்குள் போட்டுவிடாதீர்கள். டியூப் அசைந்துவிடும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். மிஸ்ஸியிடம் கேளுங்கள், அவர்களே செய்வார்கள். கேட்டதற்கு எங்களை ஒருவரும் ஏசவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒப்பரேஷனுக்கு முன் ஆடுகிற பல், கட்டுப்பல் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவசரத்தில் இல்லை என்றுவிட்டேன். வெத்திலை போட்டுப் போட்டு உம்மாவின் முன்பல் ஒன்று ஆடுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிரஷ் பண்ணும்போது மிஸ்ஸிதான் கண்டுபிடித்தா. அது கழன்று மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால்? டொக்டர் வந்து நூலால் கட்டிவிட்டுப் போனார்.

டியூபைக் கழற்றிய பிறகும் ஒரு கிழமை வாயெல்லாம் புண். கஞ்சி வைத்தாலும் கண்ணால் தண்ணீர் வரும். ஆனாலும் முதலில் கேட்டது வெத்திலை. கொடுக்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது நல்லா இருக்கிறா. டியூப் அழுத்திய அடையாளம் இன்னும் உதட்டோரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பல் டொக்டரிடம் கூட்டிப் போய் அந்தப் பல்லைக் கழற்றினோம்.