நேராகப் போக எந்த வண்டியும் போதும்

பைக் வாங்கப்போகிறேன் என்று நம் ஊரில் யாரிடம் சொன்னாலும் மூன்று கேள்விகள் வரும். மைலேஜ் எவ்வளவு? பிக்கப் எப்படி? வித்தால் என்ன விலைக்குப் போகும்? கொஞ்சம் ரசனைக்காரர்கள் நாலாவதாக, 'சவுண்டு எப்படிங்க?' என்பார்கள். 'வண்டி எப்படித் திரும்பும், எங்கே நிற்கும்?' என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதையெல்லாம் வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம் போலிருக்கிறது.

மற்ற வண்டிகளில் எப்படியோ, 'க்ரூஸர்' வகை வண்டிகளில் இந்த இரண்டையும் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

க்ரூஸர் என்றால் உங்களுக்குத் தெரியும். சீட் தாழ்வாக இருக்கும். ஹேண்டில்பார் நம்மைப் பார்த்து வளைந்து வரும். காலை முன்னால் நீட்டி, ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி போகலாம். அமெரிக்காவின் நீண்ட, நேரான நெடுஞ்சாலைகளுக்காக ஹார்லி டேவிட்ஸன் போன்ற கம்பெனிகள் வளர்த்த வடிவம் இது. நம் நாட்டில் 2001-ல் கவாஸாகி பஜாஜ் எலிமினேட்டர் வந்தது, 175 சி.சி. அடுத்த வருஷம் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு. 2005-ல் எலிமினேட்டரின் உடம்பில் பல்ஸரின் எஞ்சினை வைத்து, விலையைக் குறைத்து, அவெஞ்சர் என்று பெயரிட்டார்கள். கல்லூரிப் பையன்களுக்கும் காலை நீட்டும் பாக்கியம் கிடைத்தது.

'அப்போ புல்லட்டுங்க?' என்று கேட்பீர்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டணியில் தொடங்கி, திருவொற்றியூரில் தயாராகி, கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் எல்லாம் நின்ற அந்த வண்டி, இலக்கணப்படி க்ரூஸர் அல்ல. அதில் நிமிர்ந்து உட்கார வேண்டும். கால் நேர் கீழே இருக்கும். மரியாதையான வண்டி.

இப்போது ஏன் இந்த ஆராய்ச்சி என்றால், என் அக்கா பையன். பெருந்துறையிலிருந்து தினமும் திருப்பூர் போய் வேலை பார்க்கிறான். கையில் கொஞ்சம் சேமிப்பு. "மாமா, ஆறு-அம்பது எடுக்கலாம்னு இருக்கேனுங்க" என்றான். ஆறு-அம்பது என்றால் 650 சி.சி. அக்கா உடனே என்னைப் பார்த்து, "டேய் தம்பி, நீயாச்சும் அவனுக்கு எடுத்துச் சொல்லுடா" என்றாள்.

அக்காவின் பயத்துக்குக் காரணம் மச்சான். கோவை ரோடு நாலு வழியாவதற்கு முன்னால், 2005-ல், சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. மச்சான் ஓட்டியது 100 சி.சி. வண்டிதான். இன்றைக்கும் வலது காலில் ஸ்டீல் ராடோடுதான் நடக்கிறார். அதைப் பற்றி அவர் சொல்வது ஒரே வாக்கியம். "பிரேக் அடிச்சேன் மாப்ளே, வண்டி நிக்கல, போய்ட்டே இருந்துச்சு."

பையனுக்கு மூன்று சிநேகிதர்கள், மூன்று வண்டிகள். ஒருத்தனிடம் அவெஞ்சர் 220. இன்னொருத்தனிடம் 2020 நவம்பரில் அறிமுகமான மீட்டியர் 350. விசைத்தறி வீட்டுப் பையனிடம் 2023-ல் வந்த சூப்பர் மீட்டியர் 650. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் எல்லோருமாகத் திம்பம் வரைக்கும் போவது, நானும் மாற்றி மாற்றி ஓட்டுவது என்று ஏற்பாடு. திம்பத்துக்கு முன்னால் பைபாஸில் விஜயமங்கலம் தாண்டி ஒரு சுற்று.

பைபாஸில் மூன்றுமே ராஜாக்கள்தான். காரணம், வடிவம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை வீல்பேஸ் என்பார்கள். அவெஞ்சரில் 1,490 மில்லிமீட்டர், மீட்டியரில் 1,400, சூப்பர் மீட்டியரில் 1,500. நீளமான வண்டி நேராகப் போக ஆசைப்படும். அதோடு க்ரூஸரின் முன் ஃபோர்க் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கும். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தள்ளியதும் தானாகத் திரும்பி, பின்னால் இழுபட்டு வரும். முன் சக்கரத்துக்கும் அதே குணம்தான். ஃபோர்க்கின் சாய்வு கூடக்கூட இந்தக் குணமும் கூடும். கையைத் தளர்த்தினாலும் வண்டி கோடு போட்ட மாதிரி போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று பக்கவாட்டில் மோதும்போது இந்தக் குணத்தின் அருமை தெரியும்.

அடுத்து எஞ்சின். இங்கே ஒரு வேடிக்கை. அவெஞ்சருக்கு ஏறக்குறைய 19 குதிரைச் சக்தி, மீட்டியருக்கு 20. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால், இழுவிசை, அதாவது டார்க், அவெஞ்சரில் 17.55 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிஷத்துக்கு 7,000 சுற்று சுற்றும்போது. மீட்டியரில் 27, வெறும் 4,000 சுற்றிலேயே. அவெஞ்சரின் பிஸ்டன் அகலம் 67 மில்லிமீட்டர், ஏறி இறங்கும் தூரம் 62.4. மீட்டியரில் அகலம் 72, தூரம் 85.8. தூரம் அதிகமானால் நிதானமாக, அழுத்தமாக உந்தும்.

நம் பக்கத்து பாஷையில் சொன்னால், ஒன்று ரேக்ளா ஓடும் காளை, மற்றது கவலை இறைக்கும் காளை. இரண்டும் காங்கேயம்தான். பழக்கம் வேறு. அவெஞ்சரின் எடை 163 கிலோ, மீட்டியர் 191. அதனால் பைபாஸில் தனியாள் முறுக்கினால் அவெஞ்சர் சளைப்பதில்லை. சூப்பர் மீட்டியர் கணக்கே வேறு. இரண்டு சிலிண்டர், 47 குதிரைச் சக்தி, 52 நியூட்டன் மீட்டர், 241 கிலோ. நூறில் போகும்போதும் எஞ்சின் தூக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. இறங்கியதும் பையனைப் பார்த்தேன். அவன் கண்ணில் மாங்கல்யம் கட்டி முடித்த களை.

பிறகு கோபி, சத்தி வழியாக பண்ணாரி. அம்மனைக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறினோம். திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே மைசூர்ப் பக்கத்திலிருந்து இறங்கும் லாரிகள். ஒரு லாரி திரும்பும்போது வளைவு முழுக்க அதற்குத்தான் சொந்தம். நாம் ஓரமாக நின்று, மறுபடி கிளப்பி, மேட்டில் அப்படியே திருப்ப வேண்டும். பைபாஸில் வரமாக இருந்த நீளமும் சாய்ந்த ஃபோர்க்கும் இங்கே சாபம். நேராகப் போக ஆசைப்படும் வண்டியை, 'திரும்புடா கண்ணு' என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

க்ரூஸரில் இன்னொரு சங்கதி உண்டு. சீட்டோடு சேர்ந்து ஃபுட்ரெஸ்ட்டும் தாழ்வு. வளைவில் சாய்த்தால் மற்ற வண்டிகளைவிட முன்னதாகவே அது தரையை உரசும். இது யாருடைய தப்பும் இல்லை. ஈஸிசேர் கேட்டால் ஈஸிசேரின் உயரம்தான் கிடைக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரைக் குறைத்து, பார்வையை வளைவின் முடிவில் வைக்க வேண்டும். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். லாரியையே பார்த்துக்கொண்டிருந்தால் லாரியிடம்தான் போவீர்கள்.

மலையில் மூன்றும் தனித்தனி மனுஷர்கள். அவெஞ்சர் எடை குறைவு என்பதால் நின்று கிளம்ப எளிது. ஆனால் மேட்டில் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டியர் இரண்டாவது கியரில் முனகாமல் ஏறுகிறது. வீல்பேஸ் குறைவு, அதனால் சீக்கிரம் திரும்புகிறது. சூப்பர் மீட்டியரில் ஓட ஆரம்பித்தபின் எடை தெரிவதில்லை. நிற்கும்போது தெரிகிறது. சரிவில் 241 கிலோவை இரண்டு காலால் தாங்கி நிற்பது என் வயதுக்கு உசிதமில்லை. சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான், கால் நன்றாக ஊன்றுகிறது என்பது ஓர் ஆறுதல்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்குங்கள். எஞ்சினே பாதி பிரேக்.

திரும்பி வந்து, மூன்றாவது பரீட்சை. அக்கா வீட்டுக்குப் போக மெயின் ரோட்டிலிருந்து இட்டேரியில் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் கல்லும் மேடும். 2001-லிருந்து வந்த எந்த விளம்பரத்திலும் இட்டேரியில் க்ரூஸர் போய் நான் பார்த்ததில்லை. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி மீட்டியரில் 170 மில்லிமீட்டர், அவெஞ்சரில் 169, சூப்பர் மீட்டியரில் 135. ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசம்தான். ஆனால் இட்டேரியின் ஒவ்வொரு கல்லுக்கும் அந்த அளவு தெரிந்திருக்கிறது. பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் வண்டி இன்னும் இறங்கும்.

அந்த ஆள் யார்? அக்காதான். புடவை, ஒருபக்கமாக உட்காருவாள். வீட்டில் கார் இல்லை. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பையன்தான் கூட்டிப்போக வேண்டும். க்ரூஸரில் ஓட்டுகிறவருக்கு சோபா, பின்னால் உட்காருகிறவருக்கு முக்காலி என்பது பல வண்டிகளில் நடைமுறை. சாரி கார்டு, கைப்பிடி இரண்டும் இருக்கிறதா, கால் வைக்க இடம் எங்கே, சைலன்ஸர் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பணம் கட்டுகிற மகன்களை என்ன சொல்ல? மூன்று வண்டியிலும் அக்காவை உட்காரச் சொன்னேன். நிற்கிற வண்டிதான், முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஒன்றில், "இதுல பரவால்லடா, கால் தொங்கல" என்றாள். எது என்று சொல்ல மாட்டேன். உங்கள் அம்மாவின் உயரம் வேறு.

கடைசியாக பிரேக். மச்சானின் வாக்கியத்துக்கு வருவோம்.

80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். ஆபத்தைப் பார்த்து கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி. 22 மீட்டர் போயாச்சு. அதற்குப் பிறகு நல்ல ரோடு, நல்ல டயர், இரண்டு பிரேக்கும் சரியாகப் பிடித்தால் இன்னும் ஒரு 36 மீட்டர். மொத்தம் ஏறத்தாழ 60 மீட்டர். அஞ்சு டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்துங்கள், அவ்வளவு நீளம். வேகம் 60 என்றால் மூன்று பஸ்ஸில் முடிந்துவிடும். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு விலை இரண்டு பஸ்.

பின் பிரேக் மட்டும் மிதித்தால்? பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. லேசான பின் சக்கரம் சுற்றாமல் வழுக்குகிறது. 'முன் பிரேக் புடிச்சா குப்புற விழுந்துருவே' என்று யாரோ சொன்னதை நம்பி, மச்சான் அன்றைக்குக் காலால் மட்டும்தான் மிதித்தார். வண்டி போய்ட்டே இருந்தது அதனால்தான்.

க்ரூஸர் நீளம், தாழ்வு என்பதால் பாரம் அத்தனை முன்னால் போவதில்லை. பின் பிரேக்குக்கும் வேலை கூடுதல். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அது நன்றாகவே நிற்கும். முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்த வேண்டும், வெடுக்கென்று அல்ல. 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் அதில் இரண்டு வகை. அவெஞ்சர் 220-ல் முன் சக்கரத்துக்கு மட்டும். பின்னால் டிரம் பிரேக். மற்ற இரண்டிலும் முன்னும் பின்னும் டிஸ்க், இரண்டுக்கும் ஏ.பி.எஸ். விலை வித்தியாசம் ஏன் என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

இதையெல்லாம் மச்சானிடம் அஞ்சு பஸ் கணக்கோடு விளக்கினேன். வலது முழங்காலைத் தடவியபடி முழுக்கக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பையனைக் கூப்பிட்டு, "ஆறு-அம்பதோ மூணு-அம்பதோ, எதை வேணா எடு கண்ணு. எடுத்த அன்னிக்கு சிப்காட் பக்கம் ஆளில்லாத ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நீ நிறுத்தறதை நான் பாக்கோணும்" என்றார்.

நீங்கள் புது வண்டி எடுப்பதாக இருந்தாலும் அதையே செய்யுங்கள். காலி ரோடு, முப்பது கிலோமீட்டர் வேகம், அப்புறம் நாற்பது, அப்புறம் ஐம்பது. ஒவ்வொரு வேகத்திலும் பத்துத் தடவை நிறுத்திப் பாருங்கள். அடுத்து ஒரு பாட்டில் தொப்பியை ரோட்டில் வைத்து அதைச் சுற்றித் திரும்பிப் பாருங்கள். பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குகிற அன்றைக்கே செய்தால் நல்லது. பழத்தின் மேல் ஏற்றுவதற்கு யாருக்கும் பயிற்சி தேவையில்லை. அதற்கு முன்னால் நிறுத்தத்தான் தேவை.