தோற்ற நாளில் எழுந்து நின்றவர்கள்



விளையாட்டுதானே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும், இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடும் நாளில் நம் வீடுகளில் ஒரு தயக்கம் வந்து அமர்ந்துகொள்வதை மறுக்க இயலுமா?

1999 ஜனவரி இறுதியில் சென்னை சேப்பாக்கத்தில் இவ்விரு அணிகளும் டெஸ்ட் போட்டியில் மோதின. 1987க்குப் பின் இந்திய மண்ணில் இரு அணிகளும் ஆடிய முதல் டெஸ்ட் அது. பாகிஸ்தான் அணியின் வருகையை எதிர்த்து டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தைச் சிலர் தோண்டிச் சிதைத்திருந்த நேரம்.

நான்காம் நாள், ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. நெம்மேலியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் லுஹர் தொழுகைக்குப் பின் வானொலியைச் சூழ்ந்து அமர்ந்தோம். வெற்றிக்குத் தேவை 271 ஓட்டங்கள். 82 ஓட்டங்களுக்குள் ஐந்து விக்கெட்டுகள் வீழ்ந்திருந்தன. சச்சின் டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் இணைந்து 136 ஓட்டங்கள் சேர்த்தனர். முதுகுவலியோடு ஆடிய சச்சின் 136 ஓட்டங்களில் சக்லைன் முஷ்தாக்கின் பந்தில் ஆட்டமிழந்தார். அப்போது இன்னும் 17 ஓட்டங்களே தேவை. கைவசம் மூன்று விக்கெட்டுகள். நான்கே ஓட்டங்களில் அவையும் போயின. 12 ஓட்டங்களில் தோல்வி. அண்ணன் எழுந்து வெளியே போனார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

தேநீர்க் கடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே அவரிடம் கேட்டாராம்: “என்ன தம்பி, உங்க ஆளுங்க ஜெயிச்சுட்டாங்களே, சந்தோஷமா?”

அண்ணன் பதில் சொல்லாமல் வீடு திரும்பினார். தோல்வியைவிட அந்தக் கேள்வியே அவரை வாட்டியது. “இனி கிரிக்கெட்டே கேட்கமாட்டேன், அத்தா” என்றார்.

மஃரிபுக்குப் பின் அத்தா எங்களை அருகில் அமர்த்திக்கொண்டு, புகாரியில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்வைச் சொன்னார். நபி (ஸல்) அவர்களின் ஒட்டகம் அள்பாவை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெரும் மனவருத்தமாயிற்று. நபியவர்களோ, உலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று அவர்களுக்கு உணர்த்தினார்கள். வென்றவர்மீது சினம் கொள்ளவில்லை.

“நீ அழுதது அல்லாஹ்வுக்குத் தெரியும். கடையில் கேட்டவருக்கு அதை நிரூபிக்க வேண்டிய கடமை உனக்கில்லை. அவர்மீது வெறுப்பை வளர்க்கவும் உனக்கு உரிமையில்லை” என்றார் அத்தா.

அன்றிரவு அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி பார்த்தோம். வென்ற பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். தம் அணி தோற்ற துயரத்திலும் சேப்பாக்கத்து மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த வீட்டுப் பெரியவர், “நம்ம சனங்க இப்படித்தான்பா” என்று அண்ணனின் தோளில் கைவைத்தார். அந்த ‘நம்ம’ என்ற ஒரு சொல்லில் அண்ணனின் முகம் தெளிந்தது.

கேள்வி கேட்டவரும் நம் ஊரார். தோளில் கைவைத்தவரும் நம் ஊரார். பிள்ளைகளிடம் முதலாமவரைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு இரண்டாமவரை மறந்துவிடுவது நீதியாகாது. பகைமை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்பதே அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் நமக்குப் புகட்டும் பாடம். இன்று கைப்பேசியில் வரும் கேலிகளுக்குக் கேலியாலேயே பதிலளிக்கத் துடிக்கும் நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வோம்.

வெற்றியில் பணிவையும், தோல்வியில் பெருந்தன்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.